நாலாவது சக்கரம்

எங்கள் தெருவில் காலை ஐந்தரைக்கு யாருக்கும் அலாரம் தேவையில்லை. எதிர்வீட்டு டிரைவரக்கா தன் வேனைச் சுற்றிவந்து, கையிலிருக்கும் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டுவாள். டயரில் காற்று இருக்கிறதா, நட்டு இறுகியிருக்கிறதா என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். நாலு தட்டு விழுந்தால் நான் போர்வையை உதறிவிட்டு எழுந்திருப்பேன். அதற்குமேல் படுத்திருந்தால் வேன் போய்விடும்.

பிஸ்கட் கம்பெனி வேன் அது. போய்வருகிறவர்கள் நாங்கள் பன்னிரண்டு பெண்கள். நான் பேக்கிங்கில் இருக்கிறேன். பெல்ட்டில் ஓடிவரும் பிஸ்கட்டில் உடைந்ததைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. ஆறு வருடமாக உடைந்ததையே தேடிப் பழகிய கண் என்பதால், எந்த வீட்டில் எங்கே விரிசல் விட்டாலும் எனக்குச் சட்டென்று தட்டுப்பட்டுவிடும். எதிர்வீட்டு விரிசலை நான் பார்த்தது, அக்காவின் போட்டோ கம்பெனி வாசல் போர்டில் ஏறிய வாரத்தில்.

அக்காவின் வீட்டுக்காரரும் டிரைவர்தான். தண்ணீர் கேன் போடும் டெம்போ ஓட்டுகிறார். எங்கள் வாயில் அவர் கேன் அண்ணன். அக்காவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். மூடிக்கிடந்த மில்லின் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும், கேன்களை இறக்கிவைத்துவிட்டு அந்த டெம்போவிலேயே சொல்லிக்கொடுத்தார். நாங்களெல்லாம் மதில் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம். அவர் குரல் மைதானம் முழுக்கக் கேட்கும்.

"பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் கண்டுக்காத. பொம்பளை ஓட்டுறதைப் பாத்தா நூறு பேரு அடிப்பான். அடிச்சிட்டுப் போறான், நீ முன்னாடி பாரு. மனசுக்குள்ள ஏழு எண்ணு. எண்ணி முடிச்சதும் கண்ணாடியைப் பாரு. மறுபடி ஏழு எண்ணு. ரோட்ல அதுக்குமேல வித்தை ஒண்ணும் கிடையாது."

நல்ல வாத்தியார். அக்கா அவரைவிட நல்ல மாணவி, அதுதான் வினை. கம்பெனி வேனை எடுத்து ஐந்து வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை. வாசல் போர்டில் 'சிறந்த ஓட்டுநர்' என்று போட்டோ போட்டார்கள். அதோடு விட்டிருந்தாலும் தேவலை. மூன்று வேனுக்கும் அவளையே பொறுப்பாளராகப் போடப்போவதாகப் பேச்சு கிளம்பியது. கையெழுத்துக்கு ஒரு திங்கட்கிழமையும் குறித்தார்கள்.

அண்ணனுக்குக் காதில் புகை வந்தது. வேறு யார் வீட்டுப் பெண்ணாவது அந்தப் போர்டில் ஏறியிருந்தால் மனதாரப் பாராட்டியிருப்பார், அப்படிப்பட்ட மனிதர்தான். தான் சொல்லிக்கொடுத்த வித்தை தன்னைத் தாண்டிப் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு வாயோடு நின்றுவிடும், கண்ணுக்கு ஏறாது. அவருக்கென்று மிச்சமிருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான்.

"பத்து வருஷம் ஓட்டுறேன். என் வண்டி ஒருநாளும் நடுரோட்ல நின்னதில்ல. போட்டோ போடத்தான் ஆளில்ல."

அந்த ஆற்றாமையில் அவர் ஒரு வழக்கம் பிடித்தார். எங்கள் வேன் கிளம்பிப் பத்து நிமிடம் கழித்து அவர் டெம்போ கிளம்பும். பைபாஸில் எங்களைப் பிடித்துவிடுவார். பிடித்ததும் ஹாரன். அக்கா வளைவில் மெதுவாகப் போனால் ஹாரன், வேகமாகப் போனால் ஹாரன், இண்டிகேட்டர் ஒரு நொடி தாமதமாகப் போட்டால் அதற்கு ஹெட்லைட்டும் சேர்த்து. முந்திப்போகும்போது கையை வெளியே நீட்டி ஏதோ குறை சொல்லிவிட்டுப் போவார். சாயந்தரம் வீட்டில் குற்றப்பட்டியல் வாசிப்பார். கடைசி வரிசையில் இருந்த நாங்கள் நாலு பேர் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தோம்.

அக்கா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தானே. நூறு பேர் அடிப்பான் என்றார், அவரே நூற்றியோராவது ஆளாகச் சேர்ந்துகொண்டார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை சாயந்தரம் வேன் பஞ்சராகித்தான் தெருவுக்குள் வந்தது. ஓரப்பக்கத்துப் பின்சக்கரம். தூறல் பிடித்திருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஸ்டெப்னியை இறக்கும்போதே அண்ணன் உள்ளேயிருந்து வந்து ஜாக்கியை வாங்கிக்கொண்டார். முறைத்துக்கொண்டிருந்தாலும் வேலை என்று வந்தால் அவர் கை சும்மா இருக்காது. பஞ்சர் சக்கரத்தைக் கழற்றினார், ஸ்டெப்னியை மாட்டினார், ஐந்து நட்டையும் கையாலேயே சுற்றி ஏற்றினார். ஜாக்கியை இறக்கிவிட்டு, இறுக்குவதற்கு ஸ்பானரை எடுத்தார். அக்கா அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, திங்கக்கிழமை கையெழுத்துன்னு சார் சொல்லிட்டாரு."

"போடட்டும்."

"மூணாவது வண்டிக்கு ஆள் கிடைக்கலையாம். கேன் தூக்கித் தூக்கி உங்களுக்கு முதுகு போச்சு. நான் சொல்றேன், நீங்களே வந்துடுங்களேன்."

ஸ்பானர் நின்றது. "யார்கிட்ட வேலைக்கு?"

"கம்பெனிக்குத்தாங்க."

"கம்பெனிக்கா, உனக்கா? காலையில உன்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டு நான் வண்டி எடுக்கணும். லேட்டானா நீ கேள்வி கேப்ப. அதான?"

"ஏன் அப்படி நினைக்கிறீங்க? முதுகு வலின்னு நீங்கதான சொன்னீங்க."

"கிளட்ச் எது, பிரேக் எதுன்னு கேட்டவ நீ. இன்னைக்கு எனக்கு வேலை போட்டுக் குடுக்குற அளவுக்கு ஆயிட்ட. ஆகு. நல்லா ஆகு."

ஸ்பானரைத் தரையில் வீசினார். அது தெருக்கல்லில் பட்டுத் தெறித்து சாக்கடை ஓரமாகப் போய் விழுந்தது. அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அக்கா சிறிது நேரம் குடையோடு நின்றாள். சக்கரம் மாட்டியிருந்தது, ஜாக்கி இறங்கியிருந்தது. கோபம் வந்தால் சோற்றை விடுவார், வேலையைப் பாதியில் விடமாட்டார் என்பது அவள் கணக்கு. அவளும் உள்ளே போனாள். நான் மடித்த துணியை அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் காலை மூன்று தட்டுதான் விழுந்தது. நாலாவதுக்காகக் காத்துக்கிடந்ததில் எனக்கு எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. அவசர அவசரமாக முகம் கழுவி, ரொட்டித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஸ்பானர் போட்டது போட்டபடி மழையில் நனைந்து கிடந்தது. அதைத் தாண்டித்தான் வேனில் ஏறினேன். துருப்பிடிக்கப் போகிறதே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். குனிந்து எடுத்து அக்காவிடம் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பைபாஸில் ஏறும்போது மழை விட்டிருந்தது. ரோடு ஈரமாகப் பளபளத்தது. கேக் பிரிவில் இருக்கும் பெரியம்மா வழக்கம்போல ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். கணக்குப் பிரிவுப் பெண் தன் மாமியாரைப் பற்றி ஆரம்பித்திருந்தாள். எனக்கென்னவோ வேன் லேசாக நடுங்குவதுபோல இருந்தது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து ஹாரன் கேட்டது.

"இன்ஸ்பெக்டர் டூட்டிக்கு வந்துட்டாரு" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

திரும்பிப் பார்த்தேன். நீலக் கேன்கள் அடுக்கிய டெம்போ. ஹெட்லைட் விட்டு விட்டு எரிந்தது. ஹாரன் விடாமல் அலறியது. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வட்டமாகச் சுற்றினார், பிறகு கீழே கீழே என்று காட்டினார்.

"இன்னைக்கு ஓவர்டைம் போல, அக்கா."

"திங்கக்கிழமை நெருங்குதுல்ல, வயித்தெரிச்சல் கூடிப்போச்சு."

"வேகத்தைக் குறைக்கச் சொல்றாரு பாருங்க. நாப்பதுல போறதே மாட்டு வண்டி மாதிரி இருக்கு."

நாங்கள் அவருக்குக் கை ஆட்டினோம். ஒருத்தி சல்யூட் அடித்தாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ரொட்டித் துண்டை ஆட்டிக் காட்டினேன். எங்கள் காலுக்குக் கீழே அந்த ஓரப்பக்கத்துப் பின்சக்கரம் குடிகாரன் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அவருக்கு மட்டும் தெரிந்தது. எதிரே இன்னும் ஒரு கிலோமீட்டரில் மேம்பாலம் வரும், ஏறினால் அந்தப் பக்கம் நல்ல இறக்கம்.

ஓட்டும்போது அக்காவின் போன் டேஷ்போர்டுக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். எங்கள் நம்பர் எதுவும் அவரிடம் கிடையாது. முந்திவந்து சொல்லப் பார்த்தார். எதிரில் லாரி வந்தது, பின்வாங்கினார். இரண்டாவது தடவை முயன்றார், முடியவில்லை. அவர் நெருங்க நெருங்க அக்கா அசையாமல் முன்னால் பார்த்தாள். 

பிறகு ஹாரன் நின்றது. சட்டென்று நின்றது. டெம்போ பின்தங்க ஆரம்பித்தது.

"தோத்துட்டாருடி இன்ஸ்பெக்டர்."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டெம்போவின் இண்டிகேட்டர் நாலும் சேர்ந்து விட்டு விட்டு எரிந்தன. வண்டி மெல்ல ஓரம் ஒதுங்கியது. நின்றது. அண்ணன் இறங்கி முன்பக்க மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு, ரோட்டோரம் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். பத்து வருடமாக நடுரோட்டில் நிற்காத வண்டி, மூடியைத் திறந்துகொண்டு எல்லோரும் பார்க்க நின்றது.

பின்னாளில் அவரிடம் கேட்டேன், அப்போது என்ன நினைத்தீர்கள் என்று. "ஏழு எண்ணினேன்மா" என்றார். "பாக்கல. மறுபடி ஏழு எண்ணினேன். அவ பாத்துருவா. நான் சொல்லிக்குடுத்தது அது. ஹாரனுக்குத் திரும்ப மாட்டா, ஆனா கண்ணாடியைப் பாக்காம இருக்க மாட்டா."

அக்கா கண்ணாடியைப் பார்த்தாள்.

"அவர் வண்டி நின்னுடுச்சு" என்றாள். குரல் மாறியிருந்தது.

"ஷிஃப்ட்டுக்கு லேட்டாயிடும் அக்கா. அவர் பாத்துக்குவாரு."

"அந்த வண்டி நிக்காதும்மா. நின்னா ஏதோ பெருசா ஆகியிருக்கு. அவருக்குத்தான் ஏதாவதோ என்னவோ."

பிரேக்கை அழுத்தவில்லை. காலை எடுத்து, வேகம் தானாக விழவிட்டு, இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டினாள். மேம்பாலத்தின் ஏற்றம் எங்களுக்கு முன்னால் கூப்பிடு தூரத்தில் இருந்தது. எங்களை எல்லாம் ரோட்டுப் பக்கம் இறக்காமல் மறுபக்கமாக இறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னாள். எச்சரிக்கை முக்கோணப் பலகையைப் பின்னால் வைத்தாள். அந்தப் பதற்றத்திலும் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்துவிட்டுத்தான் அவரை நோக்கி ஓடினாள். அவரும் ஓடிவந்துகொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு? நெஞ்சு வலியா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. வண்டிக்கும் ஒண்ணும் இல்ல. உன் பின்வீலைப் பாரு."

எல்லோரும் பார்த்தோம். ஐந்து நட்டில் இரண்டைக் காணோம். மற்ற மூன்றும் கழன்று நுனியில் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா விரலால் தொட்டதும் ஒன்று சுற்றி அவள் கையிலேயே விழுந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. 

மற்றவர்களுக்கு என்ன தெரியும்? எல்லோரும் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, நீங்க மட்டும் வரலைன்னா இன்னைக்கு பாலத்துக்குக் கீழதான் எங்களைப் பொறுக்கியிருப்பாங்க."

"நாங்க சிரிச்சோம்ணே. மன்னிச்சிடுங்க."

பெரியம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "போட்டோ போடுறதா இருந்தா உன் போட்டோவைப் போடணும்யா" என்றாள்.

அந்த முகத்தை நான் பார்த்தேன். பட்டினி கிடந்தவன் முன்னால் யாரோ தட்டைக் கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது. இத்தனை நாளாக எதற்காக வெந்து புழுங்கினாரோ அது மொத்தமும் அந்த ரோட்டோரத்தில் அவருக்குக் கிடைத்துவிட்டது. தூறலில் வீசிய ஸ்பானர் என் கண்ணுக்குள்ளேயே கிடந்தது. சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவர் சொல்கிறாரா பார்ப்போம் என்று ஒரு அற்ப ஆசையும் எனக்கு இருந்தது.

அதற்குள், வேனை நிறுத்தியதும் அக்கா டேஷ்போர்டிலிருந்து கையில் எடுத்திருந்த போனில், வேன் எங்கே என்று கேட்டு கம்பெனி டிரான்ஸ்போர்ட் சார் கூப்பிட்டுவிட்டார். அக்கா நட்டைப் பார்த்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"நட்டு கழண்டுச்சா? காலையில செக் பண்ணித்தான எடுத்தீங்க?"

 "அந்த வீலை மட்டும் பாக்கல, சார்."

"என்னம்மா இது. பன்னெண்டு உசிரு. உங்களை நம்பி மூணு வண்டியைக் குடுக்கிறதுக்கு இருந்தேன்."

"என் தப்புதான், சார்."

"திங்கக்கிழமை பேச்சை விடுங்க. போர்டுல இருக்கிற போட்டோவையும் எடுத்துடச் சொல்றேன். வேற யாருக்காவது வச்சுக்கலாம்."

"சரிங்க, சார்."

யார் மாட்டிய சக்கரம் என்று அவள் சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. அண்ணனுக்கு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. பெயர் கிடைத்தது, போட்டோ இறங்குகிறது, யாரிடமும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பெரியம்மா இன்னும் அவர் கையை விடவில்லை. அவர் மெதுவாகக் கையை உருவிக்கொண்டு வந்து, அக்காவிடமிருந்து போனை வாங்கினார்.

"சார், நான் இவங்க வீட்டுக்காரன். அந்த வீலை மாட்டுனது நான். முடுக்காம விட்டது நான்."

"ஏன்யா? மறந்துட்டியா?"

"கோவத்துல ஸ்பானரைப் போட்டுட்டுப் போயிட்டேன், சார்."

"யார் மேல கோவம்?"

 "அந்த போட்டோ மேல, சார்."

  லாரிகள் காற்றை வாரியடித்துக்கொண்டு போயின. கடைசியில் சார், "யாரு மாட்டியிருந்தாலும் பாக்காம எடுத்தது டிரைவர் தப்புதான். ரெண்டு பேரும் வந்து நடந்ததை எழுதிக் குடுங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். பெரியம்மா நாலு அடி தள்ளிப்போய் நின்றுகொண்டாள். யாரும் அண்ணனைப் பார்க்கவில்லை.

அவர் டெம்போவிலிருந்து ஜாக்கியும் ஸ்பானரும் கொண்டுவந்தார். காணாமல் போன இரண்டு நட்டுக்கு, மற்ற சக்கரங்கள் இரண்டிலிருந்து சக்கரத்துக்கு ஒன்றாகக் கழற்றினார். கம்பெனி வரை தாங்கும். நான் அவற்றைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஈர மண்ணில் முட்டி போட்டு, எதிரெதிர் நட்டாக இறுக்கினார். முதுகு வலிக்கிறது என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது. அக்கா அவருக்குப் பின்னால் நின்றாள்.

"காலையில மூணுதான் தட்டினேன்" என்றாள்.

"தெரியும்."

"கேட்டுச்சா?"

"படுத்துக்கிட்டே எண்ணினேன்." ஸ்பானரைப் பிடித்தபடியே சொன்னார். "ஒண்ணை விட்டுட்டா, பெரிய டிரைவராமேன்னு சந்தோஷமா இருந்துச்சு. சாயந்தரம் சொல்லிக் காட்டலாம்னு வச்சிருந்தேன். நான் முடுக்காம விட்டது அப்ப ஞாபகத்துலயே இல்ல."

"அது நீங்க மாட்டின வீலு."

அவர் கை நின்றது.

"நீங்க மாட்டினதை நான் எதுக்குத் தட்டிப் பாக்கணும்னு விட்டேன். அஞ்சு வருஷமா அப்படித்தான். நீங்க கை வச்சதை மட்டும் நான் பாக்கிறதில்ல."

 அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மிச்ச நட்டுகளை இறுக்கினார். ஒரு போட்டோவுக்காக ஊரறியப் பொறாமைப்பட்ட மனிதருக்கு, அதைவிடப் பெரிய இடம் ஒன்று அவளிடம் தனக்கு இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. அது கையைவிட்டுப் போன பிறகு தெரிந்தது. எழுந்து நின்று ஸ்பானரை அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கி, குனிந்து, ஐந்து நட்டிலும் ஒவ்வொன்றாக ஸ்பானரைப் போட்டு அழுத்திப் பார்த்தாள். எல்லாம் இறுகியிருந்தது. அப்புறம்தான் எங்களை ஏறச் சொன்னாள்.

போட்டோவை எடுத்துவிட்டார்கள். பொறுப்பாளர் வேலை இரண்டு மாதம் தள்ளிப்போய், கடைசியில் அவளுக்கே வந்தது. மூன்றாவது வண்டிக்கு வேறு யாரையோ போட்டார்கள், அண்ணன் இன்னும் கேன்தான் தூக்குகிறார். பைபாஸில் எங்கள் பின்னால் வருவார். ஹாரன் அடிப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது நட்டு கழன்ற அந்த நாளுக்கு மறுநாள் காலையைப் பற்றி. ஐந்தரைக்கு விழிப்பு வந்து படுத்திருந்தேன். வெளியே அக்காவின் செருப்புச் சத்தம் வேனைச் சுற்றியது. ஒரு தட்டு விழுந்தது. இரண்டு. மூன்று. நான் எழுந்து ஜன்னலுக்கு வந்தேன். அண்ணன் டீ தம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார், அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பார். அக்கா ஓரப்பக்கத்துப் பின்சக்கரத்திடம் வந்தாள். குனிந்தாள். கம்பியை ஓங்கினாள்.

நாலாவதும் விழுந்தது. அண்ணன் தம்ளரோடு உள்ளே போய்விட்டார்.